கீழ்பாகம்

6-4-1986, ஞாயிறு, காலை 6.10

பத்திர எழுத்தர் உரிமத் தேர்வுக்கு இன்னும் 21 நாள். மனப்பாடம் செய்ய வேண்டிய பத்திர மாதிரிகள் 34. முடித்தவை 9.

சிவில் டிப்ளமோ முடித்தவனுக்கு இது தண்டனை. “சர்வ சுதந்திர பாத்தியங்களுடன் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது” – யார் வேண்டாம் என்றார்கள்? ஒரு ஸ்கெட்ச் போட்டு நான்கு பக்கமும் அளவு குறித்தால் முடிகிற வேலை. நேற்று இதை வேலுசாமி அண்ணனிடம் சொன்னேன். ஏற்காடு பதிவு ஆபீசுக்கு எதிரே மேசை போட்டுப் பத்திரம் எழுதுகிறவர், அவரிடம்தான் பயிற்சி. பரீட்சை எழுத அவர் தரும் பயிற்சிச் சான்று வேண்டும்.

“அப்பிடின்னா கட்டடம் கட்டப் போயிருக்கோணும். உன்னைய ஆரு இங்க கூப்பிட்டா?” என்றார்.

எவனும் வேலை தரவில்லை. அதைச் சொல்லவில்லை.

8-4-86

இன்று படித்தது: பத்திர வழக்கில் மேல் என்றால் மேற்கு, கீழ் என்றால் கிழக்கு. இத்தனை நாளில் உருப்படியான ஒரு விஷயம்.

10-4-86, வியாழன்

முதல் முறையாக ஒரு கிரயப் பத்திரம் முழுக்க நானே எழுதினேன். மாரமங்கலத்துக் குப்பாயியம்மா தன் காட்டில் பாதியைப் பஜார் ஓட்டல்காரர் தங்கராஜுக்கு விற்கிறார். தங்கராஜ் அங்கே லாட்ஜ் கட்டப் போகிறார். அந்தம்மா விற்ற பணத்தில் வீடு கட்டப் போகிறார்.

“எந்தப் பாதிங்க?” என்றேன்.

“கீழ்க்காடுங்க சாமி. வெறுங்கல்லு. சாமைகூட ஒழுங்கா வரமாட்டீங்குது. காப்பி இருக்கற மேக்காடு எனக்கு.”

கீழ்பாகம். பழைய பத்திரத்தில் மொத்தக் காட்டின் எல்லைகள் இருந்தன. அதை வைத்து எழுதினேன்: எஸ்டேட் வேலிக்கு மேற்கு, குப்பாயி பாக்கி வைத்துக்கொண்ட மேல்பாகத்துக்குக் கிழக்கு, இதற்குள்பட்ட கீழ்பாகம். படித்துக் காட்டினேன். தலையாட்டினார். ரேகை வைத்தார். மதியமே பதிவாகிவிட்டது. வேலுசாமி அண்ணன் தன் பெயருக்கு மேல் கையெழுத்துப் போடும்போது, “பரவால்ல, கை வந்துருச்சு” என்றார்.

சும்மா சொல்லக் கூடாது, சந்தோஷமாக இருந்தது.

15-4-86

குப்பாயியம்மா சந்தைக்கு வந்தவர், மாரமங்கலம் பஸ்ஸுக்காக எங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். காப்பி பூத்துவிட்டதா என்று அண்ணன் கேட்டார்.

“மேக்காடு பூராவும் வெள்ளையாக் கெடக்குதுங்க. ஊட்டு வாசலுக்குத்தான் வெயிலே வர்றதில்ல. பொழுது மேக்காட்டத் தாண்டி வர எட்டு மணி ஆயிருதுங்க. தொவச்ச துணி ரெண்டு நாளாக் காயல.”

பஸ் வந்தது, போனார். நான் முத்திரைத்தாளுக்கு ஓரம் மடித்துக்கொண்டிருந்தேன். பாதியில் கை நின்றுவிட்டது.

காலைச் சூரியன் மேக்காட்டைத் தாண்டி வருகிறது. அப்படியானால் மேக்காடு கிழக்கே இருக்கிறது.

அப்புறம் நான் எழுதினது என்ன?

16-4-86

முதல் பஸ்ஸில் மாரமங்கலம். காம்பஸ் வைத்துப் பார்த்தேன். பார்க்கவே வேண்டியதில்லை. காடு மேற்கே சரிகிறது. ரோடு அடிவாரத்தில், மேற்கே. எஸ்டேட் வேலி உச்சியில், கிழக்கே. அந்தம்மா சொன்ன மேல் மேடு, கீழ் பள்ளம். நான் எழுதிய மேல் மேற்கு, கீழ் கிழக்கு. ஒரு வார்த்தைதான் – ரெண்டு பேரும் சரின்னு தலையாட்டிக்கிட்டோம். காகிதத்தில் நான் விற்றிருப்பது காப்பிக்காட்டை.

குப்பாயியம்மா காப்பிச் செடிகளுக்கு நடுவே நின்றிருந்தார். மறைக்காமல் சொன்னேன். முதலில் சிரித்தார்.

“கீழ்க்காடுன்னா கீழ இருக்கறதுதானுங்களே?”

ஸ்கெட்ச் போட்டுக் காட்டினேன். படத்தைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார்.

“அப்ப இந்தப் பூவெல்லாம் இப்ப அவருதுங்களா சாமி?”

“காகிதத்துல ஆமாங்க.”

பிடித்திருந்த கிளையைக் கையிலிருந்து விட்டுவிட்டார்.

17-4-86

பிழைத்திருத்தல் பத்திரம் எழுதலாம் என்கிறார் அண்ணன். ஆனால் தங்கராஜும் வந்து கையெழுத்துப் போட வேண்டும். “அவரு எதுக்குப் போடறாரு?” என்று அவரே கேட்டுவிட்டு டீக்குப் போய்விட்டார்.

18-4-86

தங்கராஜ் கல்லாவில் இருந்தபடியே விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். “ரிஜிஸ்டர் ஆனது ஆனதுதான் தம்பி. காப்பியோட வந்தா வேண்டாம்னா சொல்லுவேன்?”

ஸ்கெட்சை விரித்தேன். “ரோடு மேக்கால. பத்திரப்படி உங்க பாகம் கெழக்கால. நடுவுல அந்தம்மா காடு. லாட்ஜுக்கு வர்றவங்க எப்பிடிங்க வருவாங்க, பறந்தா?”

தாளை இரண்டு முறை திருப்பிப் பார்த்தார்.

“ஆரு எழுதுனது இது?”

“நானுங்க.”

“சொல்ல வெக்கமா இல்ல?”

“இருக்குதுங்க. எப்ப கையெழுத்துப் போட வர்றீங்க?”

திங்கட்கிழமை வருகிறார்.

20-4-86, ஞாயிறு

முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. பிழை எப்படி வந்தது என்று பத்திரத்தில் ஒரு வரி எழுத வேண்டுமாம். வழக்கமான வரி ஒன்றை அண்ணன் சொன்னார்: “எழுதிக்கொடுத்தவர் தவறாகச் சொன்னதால்.” எழுதிக்கொடுத்தவர் என்றால் நிலத்தை விற்றவர்.

“அந்தம்மா சரியாத்தான சொன்னாங்க?”

“எழுத்தர் தப்புன்னு போட்டா எனக்கு மேலிடத்துல இருந்து விளக்கம் கேட்டு மெமோ வரும். மெமோ இருக்கறப்ப நான் குடுக்கற சான்று செல்லாது. உம் பரீட்சை போச்சு. இந்த வரியால அந்தம்மாவுக்கு என்ன நட்டம், சொல்லு? காடு வந்துருதுல்ல.”

அவர் சொல்வதில் பொய் இல்லை. ஒரு காசு நட்டமில்லை. பதினைந்து மாதிரிகள் கூடுதலாக முடித்திருக்கிறேன், தூங்காமல்.

அண்ணன் சொன்ன வரியையே எழுதி வைத்துவிட்டேன்.

21-4-86, திங்கள்

தங்கராஜ் வந்தார். நான் படித்துக் காட்டினேன், இந்த முறை நிறுத்தி நிறுத்தி. அந்த வரி வந்ததும் குப்பாயியம்மா கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார்.

“நான் தப்பாச் சொல்லலீங்களே சாமி.”

“இல்லீங்க.”

“சேரி. அப்பிடி எழுதுனாத்தான் காடு வரும்னா இருக்கட்டுங்க. எங்க ரேகை வெக்கோணும்?”

கட்டை விரலை மைப்பெட்டியில் ஒற்றிவிட்டார். அந்த விரலைப் பார்த்தேன். என்னால முடியல. தாளை இழுத்துக் கிழித்துவிட்டேன். புது முத்திரைத்தாள் வாங்கி வேறு வரி எழுதினேன்: “மேல், கீழ் என்று எழுதிக்கொடுத்தவர் மலைச்சரிவைச் சொல்லியிருக்க, ஆவணம் எழுதியவர் அதைத் திசையாகக் கொண்டு தவறாக எழுதிவிட்டபடியால்.”

அண்ணன் படித்தார். “ஆவணம் எழுதியவர்னா கீழ எம் பேருதான இருக்குது. தப்பு நீ செஞ்சது.”

“படிக்காமக் கையெழுத்துப் போட்டது நீங்க.”

சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். தங்கராஜ் வெளியே பார்த்தார். அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் விரல் வைத்துப் படித்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

அப்புறம் மாலை வரை வந்த பத்திரங்களையெல்லாம் அவரே எழுதினார்.

24-4-86

மெமோ வந்துவிட்டது. சான்று இல்லை.

27-4-86, ஞாயிறு

சேலத்தில் இந்நேரம் விடைத்தாளை வாங்கியிருப்பார்கள். நான் மாரமங்கலத்தில் தங்கராஜ் அனுப்பிய எல்லைக்கற்களை நட்டுவிட்டு வந்திருக்கிறேன். குப்பாயியம்மா களி போட்டார். கீரைக்குழம்பு. காப்பிப் பூ பழுப்பாகி உதிர்ந்து முடிந்துவிட்டது. பரீட்சையைப் பற்றி அவர் கேட்கவில்லை; அப்படி ஒன்று இருந்ததே அவருக்குத் தெரியாது. சொல்லவும் இல்லை.

வருத்தம் இருக்கிறதா? இருக்கிறது. ஒரு வருஷம் போகிறதென்றால் இருக்காதா?

இனி:

1. மெமோவுக்குப் பதில் எழுத அண்ணனுக்கு உதவுவது. என் பெயரைச் சேர்க்கச் சொல்வது. சேர்க்க மாட்டார். மறுபடி சொல்வது.

2. படிக்காமல் விட்ட மாதிரிகளை முடிப்பது. அடுத்த வருஷத் தேர்வு எந்த மாதம் என்று சேலத்தில் விசாரிப்பது.

3. பாலிடெக்னிக் நண்பனுக்குக் கடிதம்: நில மட்டம் பார்க்கும் பழைய லெவல் கருவி எங்காவது மலிவாகக் கிடைக்குமா.

4. நாளை ஒன்பது மணிக்கு வழக்கம்போல் அண்ணன் மேசைக்குப் போவது. போகச் சொன்னால் கிளம்புவது. சொல்லும்வரை உட்கார்ந்து எழுதுவது.