அணையாத பிரேக் லைட்

நவம்பர் 9, ஞாயிறு

அப்பாவின் குறட்டை ஆரம்பித்தாயிற்று. அது ஓடுகிற வரைக்கும் எழுதலாம். நின்றால் நானும் கட்டையாகக் கிடக்க வேண்டும்.

இன்று முழுக்கக் கார்தான். யாரோ ஓட்டித் தேய்த்துவிட்டு எங்கள் தலையில் கட்டிய கார். பின் பம்பரில் இடமும் வலமுமாக இரண்டு சிவப்புக் கண்ணாடிகள். ஃபாக் லைட். பனிமூட்டத்தில் பின்னால் வருகிறவனுக்கு நாம் தெரிய வேண்டும் என்பதற்காக. சுவிட்சைப் போட்டால் வலது மட்டும் எரியும். இடதுக்குள் பல்பே கிடையாது. பல்பைக் கழற்றிக்கொண்டு விற்றுவிட்டான் திருட்டுப்பயல் என்று வாங்கிய நாளிலிருந்து அப்பா கறுவிக்கொண்டிருக்கிறார்.

எவனும் திருடவில்லை. காரோடு வந்த புத்தகத்தில் அச்சடித்தே போட்டிருக்கிறது: ஒன்றுதான் எரியும், இரண்டு எரிந்தால் பின்னால் வருகிறவர் பிரேக் லைட் என்று குழம்பிவிடுவார். பெட்ரோல் பங்கில் காத்திருந்தபோது பொழுது போகாமல் படித்தேன். அப்பா படிக்கமாட்டார். படிப்பது விவரம் தெரியாதவர்கள் செய்கிற காரியம்.

ஆகவே இன்று அந்த அநியாயத்துக்கு முடிவு கட்டுகிறார். தரையில் பழைய போர்வை, அதன் மேல் அப்பா, வயிற்றின் மேல் போன். போனில் எவனோ ஒருவன் வேறு ஏதோ காரில் வேறு ஏதோ ஒயரை இணைத்துக்கொண்டிருக்கிறான். பக்கத்தில் குந்தியிருப்பவர் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர். அவருக்கு நான் வைத்த பெயர் ஆமாம்சாமி. அப்பா எதைச் சொன்னாலும் "ஆமா சார், கரெக்ட் சார்." டயரை நான்கு மூலையாகச் செய்யலாம் என்றாலும் ஆமா சார்தான்.

இடது பக்கத்துக்கும் ஒரு பல்பு மாட்டினால் போதாதாம். பிரேக்கை மிதித்தால் இந்த இரண்டும் சேர்ந்து எரிய வேண்டுமாம். பின்னாடி வர்றவன் கண்ணு கூசணும் என்றார். அப்பாவுக்கு வாழ்க்கையில் இருக்கிற ஒரே லட்சியம் அதுதான் — யாருக்காவது கண் கூச வேண்டும்.

தண்ணீர் பாட்டில் கம்பெனியில் சூப்பர்வைசர். நாள் முழுக்க மற்றவர்கள் முதுகுக்குப் பின்னால் நின்று "முடிஞ்சுதா?" என்று கேட்கிற உத்தியோகம். அதில் எங்கிருந்து வந்ததோ இந்த இன்ஜினியர்.

நவம்பர் 10, திங்கள்

டிக்கி கார்ப்பெட் ஹாலில் கிடக்கிறது. அம்மா அதைத் தாண்டித் தாண்டிப் போய்ச் சமைக்கிறாள். அப்பாவின் கட்டைவிரலில் ஒரு கீறல். அதற்குப் பஞ்சு எடுக்க நான், மருந்து எடுக்க அம்மா, ஊத என் தங்கை. குட்டிக்கு ஆறு வயது. நன்றாக ஊதினாள். வீரர் மெல்ல எழுந்து உட்கார்ந்தார்.

நவம்பர் 13, வியாழன்

நீல நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் கிளிப் வாங்கி வந்திருக்கிறார். இரண்டு ஒயரை உள்ளே வைத்து நசுக்கினால் இரண்டும் ஒன்றாகிவிடுமாம். கல்யாணம் மாதிரி.

நவம்பர் 16, ஞாயிறு

முடிந்துவிட்டது. முடிந்தது என்று அவர் சொல்லிவிட்டார்.

சோதனைக்கு நான் காருக்குப் பின்னால் நிற்க வேண்டும். இந்த வீட்டில் எனக்குக் கொடுத்திருக்கிற பதவி அது. அப்பா சீட்டில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்தார்.

"எரியுதா?"

எரிந்தது. மேலே பிரேக் லைட், கீழே ஃபாக் லைட், எல்லாம். எரியுது என்றேன். அடுத்து ஃபாக் சுவிட்சைப் போட்டார். எரியுதா? எரியுது. மறுபடி மிதித்தார். இப்ப? எரியுது. மூன்று கேள்வி, மூன்று சரியான பதில். ஆமாம்சாமி கை தட்டினார்.

ஆனால் ஃபாக் சுவிட்சைப் போட்டபோதே மேலே இருக்கிற பிரேக் லைட்டும் எரிந்ததே. அப்பா அப்போது மிதிக்கவில்லை. மிதித்தார், ஒரு மாற்றமும் இல்லை. விட்டார், அப்போதும் இல்லை.

அப்பா, காலை எடுத்தாலும் அணையல — என்று ஆரம்பித்தேன்.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு."

ஆமாம்சாமி சிரித்தார். பிள்ளைகளுக்கு இப்போதெல்லாம் வாய் அதிகம் சார் என்றார். எனக்கு வாய் அதிகமா? அந்த ஒரு வரியில் பாதியைத்தான் வெளியே விட்டேன்.

நவம்பர் 18, செவ்வாய்

அறிவியல் வகுப்பில் மின்சுற்று. பாடத்தைக் கவனிக்காமல் எங்கள் காரைப் போட்டுப் பார்த்தேன். இங்கே பிரேக் ஒயர், இங்கே ஃபாக் ஒயர், நடுவில் அப்பாவின் நீலக் கிளிப். பிரேக்கை மிதித்தால் மின்சாரம் கிளிப் வழியாக ஃபாக் லைட்டுக்குப் போகிறது. அப்பா கேட்டது அதுதான். ஆனால் ஃபாக் சுவிட்சைப் போட்டால் அதே கிளிப் வழியாகத் திரும்பி பிரேக் லைட்டுக்கும் வருகிறது. நான் சொன்ன பக்கம் மட்டும் போ என்று அதட்டினால் கேட்பதற்கு மின்சாரம் என்ன அம்மாவா?

நடுவில் ஒரு டயோடு வைத்திருந்தால் ஒரு பக்கம் மட்டும்தான் போகும். எங்கள் வகுப்பில் கடைசி பெஞ்சுக்கே தெரியும்.

அதாவது பனி பெய்து ஃபாக் லைட்டைப் போட்டால் எங்கள் பிரேக் லைட் எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும். அப்பா நிறுத்தினாலும் ஓட்டினாலும் பின்னால் வருகிறவனுக்கு ஒன்றுதான்.

பனிக்காலம் வந்துகொண்டிருக்கிறது.

நவம்பர் 20, வியாழன்

வந்துவிட்டது. அம்மாவுக்கு ஆஸ்பத்திரி மருந்து கவுண்டரில் காலை ஷிஃப்ட். அதனால் வெளிச்சம் வருவதற்குள் கிளம்பி பைபாஸில் போய், அவளை இறக்கிவிட்டு, பிறகு எங்களைப் பள்ளியில். இன்று கண்ணாடிக்கு வெளியே பால் ஊற்றின மாதிரி. அப்பா ஆசையாகச் சுவிட்சைப் போட்டார். எவ்வளவு நாள் காத்திருந்தாரோ.

நான் சீட்டில் முழங்கால் போட்டுப் பின்பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தேன். எங்களுக்குப் பின்னால் பனி முழுக்கச் சிவப்பு. அப்பா வேகத்தைக் குறைத்தார். அதே சிவப்பு. ரவுண்டானாவில் நிறுத்தினார். அதே சிவப்பு. அதற்குள்ளிருந்து இரண்டு பெரிய மஞ்சள் விளக்குகள் வளர்ந்து வளர்ந்து — லாரி — கடைசி நேரத்தில் நின்றது. அதன் முகத்தில் ஒட்டியிருந்த செத்த பூச்சிகூடத் தெரிந்தது.

குட்டி என் பக்கத்தில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். அடி விழுந்தால் முதலில் எங்கள் சீட்டில்தான் விழும்.

நவம்பர் 21, வெள்ளி

அம்மாவிடம் சொன்னேன். டிபன் டப்பாவை மூடிக்கொண்டே கேட்டாள். நான் படம் போட்டுக் காட்டினேன். படத்தைப் பார்க்கவில்லை.

"அவர்கிட்ட இதை யாரு சொல்றது?"

நீ சொல்லேன் என்றேன். போன தடவை வழி தப்பு என்று சொன்னதற்கு மிக்ஸி ஜார் போனது ஞாபகமில்லையா என்றாள். ஞாபகம் இருக்கிறது. எங்கள் வீட்டில் அதற்கு ஒரு பங்கீடு உண்டு. திட்டு எனக்கு, அடி சாமானுக்கு, அழுகை அம்மாவுக்கு.

பனி சீக்கிரம் நின்றுவிடும்டி என்றாள். இதுதான் அம்மா. வெயில் வந்து காப்பாற்றும் என்று உட்கார்ந்திருப்பாள். அப்பாவின் மேல் எனக்குக் கோபம்தான். இவளைப் பார்த்தால்தான் சீ என்று வருகிறது.

நானும் அவளைப் போலத்தானே? எழுதுகிறேன். அவ்வளவுதான். எழுதினால் லாரி நிற்குமா?

நவம்பர் 24, திங்கள்

இன்றும் பனி, இன்றும் ஃபாக் லைட்.

முன்னால் ஒரு நாய் குறுக்கே வந்தது. அப்பா சட்டென்று மிதித்தார். பின்னால் டயர் அலறியது. நான் குட்டியின் தலையைக் கட்டிக்கொண்டு குனிந்துவிட்டேன். ஒன்றும் விழவில்லை. லாரி எங்களை இடிக்காமல் மண் ஓரத்தில் இறங்கிச் சாய்ந்து நின்றது.

டிரைவர் இறங்கி வந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். மூச்சு வாங்கிக்கொண்டு, மரியாதையாகவே பேசினார்.

"அண்ணே, உங்க பிரேக் லைட்டு அப்பலேர்ந்து எரிஞ்சுக்கிட்டே இருக்கு. நீங்க நிக்கிறீங்களா போறீங்களான்னு நான் எப்படிண்ணே கண்டுபிடிக்கிறது?"

அப்பா கண்ணாடியைப் பாதிதான் இறக்கினார். கண்ணு தெரியாதவன் எல்லாம் ஏன் லாரி ஓட்டணும் என்றார். டிரைவர் குனிந்தார். பின் சீட்டைப் பார்த்தார். குட்டி அவருக்கு டாட்டா காட்டினாள். "பிள்ளைங்கள வெச்சிருக்கீங்க" என்றார். போய்விட்டார்.

மீதி வழி முழுக்க அப்பா படிக்காதவன்களைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். அம்மா மடியில் இருந்த பையின் கைப்பிடியை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

நவம்பர் 25, செவ்வாய்

இன்று பனி இல்லை. நாளைக்கு?

நவம்பர் 29, சனி

செய்துவிட்டேன்.

மதியம் சாப்பிட்டுவிட்டு அவர் படுத்தார். சாவி டிவி பக்கத்தில் இருந்தது. டிக்கியைத் திறந்து, கார்ப்பெட்டைத் தூக்கினால் — என்ன வேலை அது! ஒயர் ஒரு பக்கம் தொங்குகிறது, டேப் பாதி ஒட்டி பாதி நாக்கை நீட்டிக்கொண்டிருக்கிறது. குட்டி கட்டுகிற ஷூ லேஸ் இதைவிட மேல். நகத்தால் கிளிப்பைத் திறந்தேன். கடுக்கென்று சத்தம். தெருவுக்கே கேட்டது என்று நினைத்தேன். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். காரில் ஓடுவது பன்னிரண்டு வோல்ட், அது ஆளைக் கொல்லாது. உள்ளே படுத்திருப்பவர் எத்தனை வோல்ட் என்று எந்தப் பாடத்திலும் இல்லை.

யாரும் வரவில்லை. கிளிப்பை மட்டும் எடுத்தேன். அவர் மாட்டிய பல்பைத் தொடவில்லை, சுவிட்சைப் போட்டால் இரண்டும் எரிந்து தொலையட்டும். கிளிப் கடித்த இடத்தைச் சுற்றி அவருடைய டேப்பையே ஒட்டினேன். வரிசையாக, சுருக்கமில்லாமல்.

டிசம்பர் 1, திங்கள்

பனி. பின்பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து பார்த்தேன். அப்பா மிதித்தார், பனி பளிச்சென்று சிவந்தது. விட்டார், மங்கியது. மிதி, சிவப்பு. விடு, மங்கல். பின்னால் வந்த பஸ் ஒழுங்காகத் தள்ளி நின்றது.

அப்பா கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்டு, என் லைட்டுக்கு எப்படிப் பயந்து வர்றான் பாரு என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை. கேட்டதுக்கு மட்டும்தானே.

டிசம்பர் 7, ஞாயிறு

எல்லாம் வெளியே வந்துவிட்டது. எழுதி முடிக்கிறேனா பார்க்கலாம்.

ஆமாம்சாமி தன் மைத்துனரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவர் காருக்கும் இதேபோலச் செய்ய வேண்டுமாம். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. என்னைப் பின்னால் நிறுத்திவிட்டு உள்ளே ஏறி மிதித்தார். எரியுதா என்றார். மேலே எரிந்தது. கீழே இரண்டும் இருட்டு. நான் எரியுது என்றேன். பொய் இல்லையே.

ஆமாம்சாமி குனிந்து பார்த்தார். வாழ்நாளில் முதல் தடவையாக அவர் வாயிலிருந்து வேறு வார்த்தை வந்தது: "கீழ எரியலையே சார்."

அப்பா டிக்கியைத் திறந்தார். டேப்பைப் பார்த்தார். அது ஒழுங்காக ஒட்டியிருந்தது. அதனாலேயே தன் வேலை இல்லை என்று தெரிந்திருக்கும். யாரு கை வெச்சது என்றார். சத்தமாக இல்லை. சத்தம் இல்லாதபோதுதான் பயம். 

"நான்தான் எடுக்கச் சொன்னேன்."

அம்மா. ஈரக் கையோடு வாசலில் நிற்கிறாள். அவள் என்னிடம் எடுக்கச் சொல்லவே இல்லை. அவளுக்கு நான் எடுத்ததே தெரியாது.

அப்பா அவள் பக்கம் திரும்பினார். அவர் கையில் ஸ்க்ரூ டிரைவர் இருந்தது. அம்மா அதைப் பார்த்தாள். பிறகு நேராக நடந்து போய்க் காரின் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். அவள் அந்த சீட்டில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

"நீங்க மாட்டினபடியே மாட்டிட்டு, ஒரு தடவை பின்னாடி நின்னு பாருங்க."

வெளியாள் இரண்டு பேர் இருக்கிறார்கள். மாட்டித்தான் ஆக வேண்டும். இன்னொரு கிளிப்பை எடுத்து நசுக்கினார். சாவியைத் திருப்பி ஃபாக் சுவிட்சைப் போட்டாள் அம்மா. எல்லாம் எரிந்தது. இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார் அப்பா, ஜெயித்த மாதிரி.

அம்மா உள்ளேயிருந்து, இப்ப மிதிக்கிறேன் என்றாள். சரி என்றார். இப்ப விட்டுட்டேன் என்றாள். அப்பா குனிந்து பார்த்தார். விடு என்றார். விட்டுட்டேன். காலை எடுடி. எடுத்துட்டேன். பொய் சொல்லாதே என்று கத்திக்கொண்டே முன்பக்கம் போனார்.

கதவு திறந்திருந்தது. அம்மா சீட்டில் பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு காலும் காருக்கு வெளியே, செருப்போடு தரையில்.

அப்பா அந்தக் கால்களைப் பார்த்தார். திரும்பி வந்து விளக்கைப் பார்த்தார். சிவப்பு அவர் முகத்தில் விழுந்துகொண்டே இருந்தது.

மைத்துனர் தொண்டையைக் கனைத்துவிட்டு, எனக்கு இது வேண்டாம் என்று ஆமாம்சாமியிடம் சொன்னார். அவர்கள் போன பிறகும் அப்பா அங்கேயே நின்றார். பிறகு கிளிப்பைப் பிடுங்கி எறிந்தார்.

டிசம்பர் 8, திங்கள்

அப்பா யாரிடமும் பேசவில்லை. எதுவும் உடையவில்லை. இன்னும் எனக்கு நம்பிக்கை இல்லை, இருக்கிற சாமானை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

டிசம்பர் 12, வெள்ளி

இன்றைக்குத்தான் இந்த வருஷத்தின் மோசமான பனி. கிளம்பும்போது ஆமாம்சாமி டீக்கடை வாசலில் நின்று கையைக் காட்டினார். அப்பா காரை நிறுத்தி, கண்ணாடியை முழுக்க இறக்கி, விளக்கம் கொடுத்தார். அப்பாவுக்குத்தான் முதலில் சந்தேகம் வந்ததாம். காலை எடுத்தாலும் அணையாதோ என்று. அதைச் சோதிக்கத்தான் அம்மாவை உள்ளே உட்கார வைத்து, தானே பின்னால் நின்று கண்டுபிடித்தாராம். நடுவில் டயோடு வைக்க வேண்டுமாம், நிறையப் பேருக்கு அது தெரியாதாம்.

ஆமா சார். கரெக்ட் சார்.

வெட்கம் என்று ஒன்று இருக்கிறதா இந்த மனிதருக்கு? அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று எட்டிப் பார்த்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

பைபாஸ் ஏறும் வரைதான் ஞாபகம் இருக்கிறது. பள்ளி வாசலில் குட்டி என் மூக்கைப் பிடித்து ஆட்டி எழுப்பினாள்.