மாமன் சீர்ச் சேலை காயவில்லை

ஐப்பசி 12, புதன் இரவு.

விடிந்தால் தங்கை மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் நான் கொண்டுவந்த சீர்ச் சேலை, ஓடையில் வண்டி சாய்ந்து நனைந்துவிட்டது. பாதிக் காவேரி அதற்குள்தான் இருக்கிறது. பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடுகிற பஸ்ஸின் டிரைவரிடம் கெஞ்சிக் கரி வாங்கி மூட்டினேன். மேலே கோழிப் பஞ்சாரத்தைக் கவிழ்த்துச் சேலையை விரித்தேன். சூடு போதவில்லை. சூடு தப்பாமலிருக்கக் கம்பளியால் மூடினேன். இன்னும் மோசம்.

தங்கை கம்பளியை உருவினாள். "ஏனுங்கண்ணா, ஆவி எப்படிங்க வெளிய போகும்? சேலைய அவிக்கறீங்களா?"

அப்புறம் முந்தானை மட்டும் காய்ந்தது. அதற்குள் கரி தீர்ந்தது.

"ஈரத்தோடவே கட்டிக்கறனுங்க மாமா" என்கிறாள், நேற்றுவரை காய்ச்சலில் கிடந்த மணப்பெண்.

சூரியனுக்கே சூடு கடன் கொடுப்பவன் நான் என்று பீற்றியவன், உடம்புச் சூட்டிலாவது காயட்டுமென்று ஈரச் சேலையை முதுகில் போர்த்திக்கொண்டு இதை எழுதுகிறேன். பல் கிட்டுகிறது. கொசுவம் இன்னும் சொட்டுகிறது.