ஒரு முழம் கண்ணாடி

திங்கள், காலை

என் மகளின் அப்பாவுக்கு,

அன்று பள்ளிக்கூடத்துக் கூடத்தில் இருந்தவர்கள்: ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர், அவருடைய இஞ்சினியர், கட்டட அனுமதி ஆபீஸிலிருந்து வந்த மூக்குக்கண்ணாடி அம்மா, முனை வீட்டு வாத்தியார், தையற்காரி, மருந்துக்கடைக்காரர், நம் மகள், நான். நான்காவது வரிசையில், ஜன்னலோரம், நீங்கள். படுத்த இடத்தில் உங்களுக்கு மறந்திருக்கலாம். எனக்கு மறக்காது.

ஆஸ்பத்திரியை நம் மதில் வரைக்கும் இழுத்துக் கட்டப்போகிறோம், தெருக்காரர்களுக்கு என்ன ஆட்சேபம் என்று கேட்டார்கள். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் வகுப்போடு நின்ற நான்தான் எழுந்தேன். நான் சொல்லச் சொல்ல அந்த அம்மா நிபந்தனையாக எழுதிக்கொண்டாள். தெருவுக்குள் ஆம்புலன்ஸ் சைரன் கூடாது. விடிவதற்கு முன்னால் லாரி வரக்கூடாது. ராத்திரி பத்துக்கு மேல் ஜெனரேட்டர் ஓட்டக்கூடாது. நம் வீட்டைப் பார்த்த ஜன்னல்களுக்கெல்லாம் மங்கலான கண்ணாடி, திறக்க முடியாதபடி, கூரை வரைக்கும். முதல் மூன்றுக்கும் தலையாட்டினார்கள். கண்ணாடியில் இஞ்சினியர் இழுத்தான். அப்போது நீங்கள் எழுந்தீர்கள். எனக்காகப் பேசப்போகிறீர்கள் என்று முந்தானையைச் சரிசெய்துகொண்டு நின்றேன்.

"நீ உட்காரு. மேல ஒரு முழம் தெளிஞ்ச கண்ணாடியா விடட்டும். படுத்துக் கிடக்கறவனுக்கு வானமாவது தெரியட்டுமே" என்றீர்கள்.

தையற்காரி சிரித்தாள். வாத்தியார் கைதட்டினார். அந்த அம்மா அதையும் எழுதிவிட்டாள். "இந்தக் கட்டடத்துல என் காலு படாது" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டு வந்தேன். உங்களோடு பேச்சை நிறுத்தியதும் அன்றுதான். வருஷம் இரண்டாயிற்று, கட்டடமும் எழும்பிவிட்டது.

இப்போது மகள் சொல்கிறாள், உங்களை அதே கட்டடத்தில் முதல் மாடியில், நம் பக்கத்து ஜன்னலோரம் படுக்க வைத்திருக்கிறார்களாம். சும்மா ஒரு மயக்கம் என்கிறாள். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. மயக்கத்துக்கு எதற்கு இத்தனை நாள்? அங்கே குளிருமாமே. சால்வை அனுப்பியிருக்கிறேன். அது என் சால்வை, திரும்ப வரவேண்டும்.

நான் பேசவில்லை, எழுதுகிறேன். இரண்டும் வேறு.

இப்படிக்கு,
அடுத்த வீட்டுக்காரி


செவ்வாய், மத்தியானம்

என் வீட்டு அதிகாரிக்கு,

சால்வை கிடைத்தது. இரண்டு வருஷத்துக்குப் பிறகு நீ என்னிடம் சொன்னது "திரும்ப வரவேண்டும்". சால்வையோடு என்னையும் சேர்த்துச் சொன்னதாக வைத்துக்கொண்டேன்.

பஸ் நிறுத்தத்தில்தான் விழுந்தேன். ஆம்புலன்ஸ் நம் வாசல் வழியாகத்தான் வந்தது, உன் நிபந்தனைப்படி சைரன் இல்லாமல். "நம்ம வீட்டுகிட்ட மட்டும் ஒரு தடவ அடிப்பா" என்று டிரைவரைக் கேட்டேன். "ஐயோ தாத்தா, இந்தத் தெருவுல ஒரு பாட்டி இருக்கு, உண்டு இல்லன்னு பண்ணிடும்" என்றான். அந்தப் பாட்டி யாருடையவள் என்று நான் சொல்லிக்கொள்ளவில்லை.

ஜன்னல் பால் பூசினதுபோல இருக்கிறது. பக்கத்திலிருக்கிற நம் வீடு துளிகூடத் தெரியவில்லை. மேலே ஒரு முழம் வானம். அதில் ஒரு காக்கா குறுக்கே போனால் அதுதான் அன்றைய சேதி. எனக்கு ஒன்றுமில்லை, டாக்டர்கள் ஏதோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு எட்டு வந்துவிட்டுப் போயேன்.

"உங்க ரெண்டு பேருக்கும் நான் என்ன தபால்காரியா?" என்று மகள் அலுத்துக்கொள்கிறாள். சீக்கிரம் பதில் போடு.

இப்படிக்கு,
முதல் மாடி, ஜன்னலோரம்


புதன், காலை

என் மகளின் அப்பாவுக்கு,

வரமாட்டேன். சொன்னது சொன்னதுதான்.

என் வாசல் வழியாக உங்களைக் கொண்டு போயிருக்கிறார்கள். நான் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தேன். உங்கள் சட்டையைத்தான் மடித்துக்கொண்டிருந்தேன். அந்த டிரைவரை மனசில் குறித்து வைத்திருக்கிறேன்.

நேற்று பத்துக்கு மேல் ஜெனரேட்டர் ஓடியது. சண்டைக்குப் போகச் செருப்பைக்கூட மாட்டிவிட்டேன். அந்தக் கரண்ட் உங்கள் கட்டிலுக்குத்தான் போகிறதோ என்று தோன்றியது. செருப்பைக் கழற்றிவிட்டு, அது நின்றுவிடக் கூடாதே என்று காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்தேன்.

இன்று விடிந்ததும் மொட்டை மாடிக்கு ஏறினேன். முட்டி என்னைத் திட்டியது, நான் உங்களைத் திட்டினேன். பழைய ஆன்டெனா குழாயோடு துணிக்கம்பைச் சேர்த்துக் கட்டி, நுனியில் உங்கள் நீலக்கட்டம் போட்ட துண்டை மாட்டியிருக்கிறேன். வாத்தியார் கீழே நின்று, "என்னம்மா, கொடி ஏத்தறீங்க? விடுதலையா?" என்றார். "ஆமா, உங்க தொல்லையிலேருந்து" என்றேன். மேலே பாருங்கள். தெரிகிறதா?

இன்னொன்று. மகள் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறாள். தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே எனக்குக் கேட்கிறது. மயக்கத்துக்கு யாரும் அப்படி அழமாட்டார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. நீங்களாவது சொல்லுங்கள்.

இப்படிக்கு,
அடுத்த வீட்டுக்காரி


வியாழன், சாயங்காலம்

அன்புள்ள என் மனைவிக்கு,

தெரிகிறது. காற்று அடித்தால் முழுத் துண்டு, அடிக்காவிட்டால் ஓரம் மட்டும். "யாரு தாத்தா இத கட்டினது?" என்று நர்ஸ் கேட்டாள். "என்னோட பேசாத ஒருத்தி" என்றேன்.

மகளைக் கோபிக்காதே. சொல்லவேண்டாம் என்று அவள் வாயைக் கட்டியது நான்தான். இதயத்துக்குப் போகிற குழாய்கள் அடைத்துக்கொண்டிருக்கின்றன. நாளைக் காலையில் நெஞ்சைத் திறந்து சரிசெய்யப் போகிறார்கள். இந்த வயதில் இரண்டில் ஒன்று என்று டாக்டர் மறைக்காமல் சொன்னார்.

இது இன்று வந்ததும் இல்லை. அந்தக் கூட்டத்துக்கு முந்தின வாரமே படியேறும்போது நெஞ்சைப் பிடித்தது. மருந்துக்கடைக்காரரிடம் மட்டும் சொன்னேன். அவர்தான் டாக்டரிடம் கூட்டிப்போனார். மாத்திரையில் கொஞ்ச காலம் தள்ளலாம், ஒரு நாள் வந்து படுக்கத்தான் வேண்டும் என்றார்கள். உன்னிடம் சொன்னால் நீ தூங்கமாட்டாய் என்று வைத்துக்கொண்டேன்.

நீ கூரை வரைக்கும் மங்கல் கண்ணாடி கேட்டபோது எனக்குப் பயம் வந்துவிட்டது. நாளைக்கு நான் அங்கே படுத்தால் நீ துணி காயப்போட ஏறுகிற உன் மொட்டை மாடி தெரியாதே. வானம் என்று சொன்னது பேச்சுக்கு. உன் மாடியைத்தான் சொன்னேன். அத்தனை பேர் முன்னால் அதை எப்படிச் சொல்வது?

உட்காரச் சொன்னது தப்புத்தான்.

உன்,
முதல் மாடி


வெள்ளி

என்னங்க,

இதை ஆப்பரேஷன் அறைக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஆமாம், கால் பட்டுவிட்டது. வாசலில் இஞ்சினியர் நின்றான். "பாட்டி, நீங்களா?" என்று வாயைப் பிளந்தான். "ஏன், நான் வரக்கூடாதுன்னு நிபந்தனை எதாவது இருக்கா?" என்று கேட்டுவிட்டு உள்ளே வந்தேன். அதற்குள் உங்களைக் கொண்டுபோய்விட்டார்கள். காலிக் கட்டிலில் உட்கார்ந்தேன். யாரும் இல்லாத நேரம் பார்த்துச் சாய்ந்தும் பார்த்தேன். துண்டு ஆடியது.

அன்று நீங்கள் எழுந்தபோது ஒரு கையைச் சட்டைக்குள் விட்டிருந்தீர்கள். எனக்கு அப்படியே கண்ணில் நிற்கிறது. பெரிய மனுஷத் தோரணை என்று அதற்கும் சேர்த்து இரண்டு வருஷம் திட்டியிருக்கிறேன்.

கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிகிறது. யாராவது வெளியே வந்தால் எழுகிறேன், எனக்கில்லை என்று தெரிந்ததும் உட்காருகிறேன். கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. அதனால் அன்று கூடத்தில் இருந்தவர்களை ஒவ்வொருவராக எடுத்து மன்னித்துக்கொண்டிருக்கிறேன். இஞ்சினியர் அந்த ஒரு முழத்தை ஒழுங்காக விட்டிருக்கிறான், போகட்டும். தையற்காரிதான் என்னைக் கைபிடித்து இங்கே கூட்டிவந்தாள், அவள் சிரித்ததையும் விட்டுவிட்டேன். வாத்தியாரும் போகட்டும். மருந்துக்கடைக்காரருக்குத்தான் நேரம் பிடித்தது. எதிரே தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். டீ வாங்கிக்கொடுத்தார், வாங்கிக் குடித்தேன்.

ஒருவரை மட்டும் முடியவில்லை.

நீங்கள் கண் திறந்ததும் மகள் இதைப் படித்துக் காட்டுவாள். துண்டை நான் இறக்கமாட்டேன், நீங்கள் வந்து இறக்குங்கள். சால்வை தனியாக வரக்கூடாது. வீட்டுக்கு வந்து, அந்த ஒருவரை மன்னிப்பாயா என்று என்னைக் கேளுங்கள். மாட்டேன் என்பேன். மறுபடி கேளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி

பி.கு.: நெஞ்சு வலியை மருந்துக்கடையில் சொல்லிவிட்டு வீட்டில் சொல்லாத மனிதர். நான்காவது வரிசை, ஜன்னலோரம். நீங்கள்.