ஒரு கதவுக்கு மட்டும் கண்ணாடி

முருகன் துணை

அம்மாபேட்டை, சேலம்
வெகுதானிய வருடம், சித்திரை 20

குமாரபாளையத்தில் இருக்கும் மாப்பிள்ளை கந்தவேல் அவர்களுக்கு, மாமன் சென்னிமலை எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தை கந்தம்மாளும் இருக்கிறோம். அங்கே நீங்களும் உங்கள் தாயாரும் பேத்தி வசந்தாமணியும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும்.

வைகாசியில் உங்களுக்கு மறுகல்யாணம் நிச்சயமாகியிருப்பதாக வெண்ணந்தூர் சொந்தக்காரர்கள் சொன்னார்கள். நீங்களே ஒரு வரி எழுதியிருக்கலாம். போகட்டும். தை மாதம் என் மகள் ராஜம்மாளும் வயிற்றுப் பிள்ளையும் ஒரே நாளில் போனபோதே, நாலு வயதுப் பெண்ணை வைத்துக்கொண்டு மாப்பிள்ளை தறியைப் பார்ப்பாரா, அடுப்பைப் பார்ப்பாரா என்று உங்கள் அத்தை கேட்டாள். அப்போது அவளைக் கடிந்துகொண்டேன். இப்போது யோசித்தால் உங்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பீரோ விஷயமாகத்தான் எழுத உட்கார்ந்தேன். மாசிக் கடைசியில் ராஜம்மாளின் சீர்ப் பாத்திரங்களோடு பீரோவையும் வண்டியேற்றி அனுப்பிவிட்டீர்கள். இறந்தவள் சீரைத் திருப்புவது நம்மில் உள்ளதுதான், பிள்ளையில்லாமல் இறந்திருந்தால். பிள்ளை இருக்கும்போது தாய் சீர் பிள்ளைக்கல்லவா? சீர் திரும்பி வந்ததும், உறவு இத்தோடு சரி, வசந்தாமணியையும் இனிக் கண்ணில் காட்டமாட்டீர்கள் என்றுதான் எங்களுக்குத் தோன்றியது. உங்கள் அத்தை இரண்டு நாள் சோறு தின்னவில்லை. நான் பீரோவைச் சுவரோரம் தள்ளி, ஒரு பழைய ஜமுக்காளத்தைப் போட்டு மூடிவிட்டேன். சாவியை வாங்கி வைத்ததோடு சரி, திறக்கவில்லை.

அந்தப் பீரோவைப் பற்றி உங்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. கல்யாணத்துக்கு முன் தச்சர் பாக்கியநாதன் அதைச் செய்துகொண்டிருந்தபோது ராஜம்மாள் அவர் பட்டறைக்குப் போனாள். அங்கே வெள்ளைக்காரப் பாதிரிச் சாமியார் பங்களாவுக்காகச் செய்த அலமாரிக் கதவில் பூங்கொடி வெட்டின கண்ணாடி பதித்திருந்ததாம். அதைப் பார்த்துவிட்டு வந்து, நம்முளுதுக்கும் அதாட்டக் கண்ணாடி வெச்சா நீங்க நெய்ஞ்ச சேல வெளிய தெரியுமுங்கப்பா என்றாள். சேலை கட்டுவதற்கு, ஊருக்குக் காட்டுவதற்கு இல்லை, கண்பட்டுப் போகும், பலகைக் கதவே போதும் என்று சொல்லிவிட்டேன். அவள் மறுபடி கேட்கவில்லை. எதையும் இரண்டாம் முறை கேட்கிற பெண் இல்லை அவள். உங்களிடமும் அப்படித்தான் இருந்திருப்பாள்.

இந்தச் சித்திரையில் மூன்றாம் மாதப் படையல் வந்தது. உங்கள் அத்தை என் முன்னால் வந்து நின்றாள். செத்தவங்களுக்கு அவங்க ஆசப்பட்டதப் படைக்கோணும், உங்க புள்ள வாயத் தொறந்து கேட்டது ஒண்ணே ஒண்ணு, அதையுங் குடுக்காம எதைய வெச்சுப் படைப்பீங்க என்று கேட்டாள். மறுநாளே கடைவீதிக்குப் போய்ப் பூங்கொடி வெட்டின கண்ணாடி இரண்டு வாங்கினேன். ஜட்கா வண்டி குலுக்கும் என்று வேட்டியில் சுற்றி மார்போடு அணைத்து நடந்தே வந்தேன்.

பாக்கியநாதன் வந்தார். சாவியைக் கொடுத்துவிட்டுத் தறிக்குழியில் இறங்கிக்கொண்டேன். அவர் கதவுகளைக் கழற்றி வாசலில் போட்டுவிட்டு, உள்பக்கம் என்னமோ படமெல்லாம் ஒட்டியிருக்குதுங்க, ஒருக்கா வந்து பாத்துப்போட்டுச் சொல்லுங்க என்று கூப்பிட்டார். நான் திரும்பவில்லை. என் மகள் புழங்கின பீரோவைத் திறந்து பார்த்தால் பிறத்தியார் முன்னால் அழுதுவிடுவேன் என்ற பயம். பழைய காகிதம்தானே, அறுத்துத் தள்ளப்பா என்றேன். ரம்பச் சத்தம் காதில் விழாமல் இருக்கத் தறியை வேகமாக அடித்தேன்.

முதல் கதவின் பலகை கழன்று விழுந்தபோது உங்கள் அத்தை அலறினாள். ஓடிப்போய்ப் பார்த்தேன்.

நூல் கட்டுகளின் மேல் மில்காரர்கள் வர்ணப் படச்சீட்டு ஒட்டி அனுப்புவார்களே, கிளி, யானை, விளக்கேந்திய பெண் என்று, அந்தச் சீட்டுகளை ராஜம்மாள் இங்கே வரும்போதெல்லாம் கேட்டு வாங்கிப் போவாள். குழந்தை விளையாடத்தான் என்று நினைத்தேன். அதையெல்லாம் கத்தரித்து, கிளியின் பச்சையில் இலையும், பெண்ணின் சேலைச் சிவப்பில் இதழுமாக, சாமியார் பங்களாக் கண்ணாடியில் பார்த்த அதே பூங்கொடியை இரண்டு கதவின் உள்பக்கமும் ஒட்டியிருந்தாள். வெளியே தெரியக்கூடாது என்று நான் சொன்னதற்காக உள்பக்கம். இத்தனை வருஷம் என் சொல்லை மீறாமல் தன் ஆசையையும் காப்பாற்றியிருக்கிறாள், மாப்பிள்ளை. நான் அதைத்தான் அறுக்கச் சொன்னேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். எனக்குக் கண் இருந்தும் திரும்பிப் பார்க்கவில்லை.

மறு கதவில் ரம்பம் படவில்லை. அதன் அடிப்பாகத்தில் நாலைந்து இலைகள் கோணல்மாணலாக ஒட்டியிருக்கின்றன. அவை வசந்தாமணி கை. அந்தக் கதவை அப்படியே விடச் சொன்னேன். ஆகையால் பீரோவுக்கு இப்போது வலக்கதவில் கண்ணாடி, இடக்கதவில் பலகை. பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

பேத்தி கை பட்டது பேத்தியிடமே இருக்கட்டும் என்று, பீரோவைத் திரும்ப உங்களிடமே கொண்டுபோய்ச் சேர்க்க வண்டிக்காரர் சின்னண்ணனைக் கூப்பிட்டேன். அப்போதுதான் அவர் சொன்னார். மாசியில் ஏற்றி வந்த அன்று, எங்கம்மா பூவு, எங்கம்மா பூவு என்று அழுதுகொண்டே பாப்பா ஊர்க்கோடிப் புளியமரம் வரைக்கும் வண்டிக்குப் பின்னால் ஓடி வந்ததாம். உங்கள் தாயார் வந்து தூக்கிப் போனார்களாம். அதைக் கேட்ட பிறகு எனக்கும் உங்கள் அத்தைக்கும் வேறு யோசனை இல்லை.

வெள்ளிக்கிழமை பீரோ அங்கே வந்து சேரும். தயவுசெய்து திருப்பி அனுப்பாதீர்கள். வரப்போகிற பெண்ணும் ஒரு வீட்டில் ஆசையாக வளர்ந்தவள்தான். கண்ணாடிக்குப் பின்னால் அவள் தன் சேலைகளை அடுக்கட்டும், நாலு பேர் பார்க்கட்டும். அவளுக்கென்று ஒரு சேலைக்குத் தறியில் பாவு போட்டிருக்கிறேன். இடக்கதவுக் காகிதத்தை மட்டும் சுரண்ட வேண்டாம் என்று அவளிடம் சொல்லுங்கள். குழந்தை எட்டித் திறக்கிற இடத்தில் பீரோவை வையுங்கள்.

இன்னொரு கண்ணாடி இங்கேயே, சுற்றி வந்த வேட்டியோடு சுவரில் சாய்ந்திருக்கிறது. கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று பாக்கியநாதன் கேட்டார். வேண்டாம் என்றேன். வசந்தாமணியை ஒரே ஒரு தடவை அழைத்துக்கொண்டு வாருங்கள். அதை எங்கே வைப்பது என்று அவள் சொல்லட்டும். இந்த முறை தறியை நிறுத்தி, அவள் முகத்தைப் பார்த்துக் கேட்பேன்.

முருகன் அருளால் உங்களுக்கும் வரப்போகிற பெண்ணுக்கும் ஒரு குறையும் வராது. மாமன் என்று இன்னும் நான் போட்டுக்கொள்ளலாமா என்று தெரியவில்லை. போட்டுவிட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் மாமன்
சென்னிமலை