உனக்கு விழுந்த கடைசி ஓட்டு

ஒரு காலத்து நண்பனுக்கு,

நம் டிரம் அணியின் பழைய சாதனையாளர்களைக் கௌரவிக்கும் புகழ் மன்றத்துக்கு இந்த ஆண்டு உன்னையே தேர்ந்தெடுத்திருக்கிறோம். தேர்வுக் குழுவில் இரண்டு மணி நேரம் சண்டை. "இறுதிப் போட்டியில அந்த ரெண்டு பேர் வாசிப்பு இருக்கே, இவன் குச்சி மின்னலா ஓடுச்சு, கண்ணால பாத்தேன்யா," என்றார் தலைவர் ஹால்வர்சன்.

காதால் கேட்டீர்களா என்று நான் கேட்கவில்லை.

ஒத்திகையில் நீ தாளம் தப்பியதால், குச்சி டிரம் தோலில் படாமல் காற்றில் அடிக்கும்படி உன்னிடம் சொன்னார் பயிற்சியாளர். இருவர் சத்தத்தையும் நான் ஒருவனே எழுப்பினேன். பிறகு பத்திரிகைப் பேட்டியில், "அவனைத் தூக்கி நிறுத்தியதே நான்தான்" என்றாய்.

கடைசி ஓட்டு என்னுடையது. உனக்கே போட்டேன்.

வழக்கம் நினைவிருக்கும். பதக்கம் வாங்குபவர் அதே வாசிப்பை மேடையில் தனியாக வாசிக்க வேண்டும். டிரம்மின் தோலை நானே இழுத்துக் கட்டிவிட்டேன். முன்வரிசையில் உட்கார்ந்து கேட்பேன்.

இப்படிக்கு,
அன்று உன் பக்கத்தில் நின்றவன்