பேட் உனக்கு, குச்சி எனக்கு

இன்று காலை உன் குச்சியால் என் மனைவி ஒரு பெருச்சாளியை அடித்தாள். பாத்திரம் கழுவும் இடத்துக் குழாய் வழியாக வந்திருக்கிறது. கைக்கு எட்டியதை எடுத்திருக்கிறாள், எட்டியது அது. பெருச்சாளி தப்பித்து ஓடிவிட்டது. நான் ஓடிப்போய்க் குச்சியைப் பிடுங்கி, சோப்புப் போட்டுக் கழுவி, வேட்டி முனையால் துடைத்து, பீரோவுக்குப் பின்னால் பழைய இடத்திலேயே சாய்த்து வைத்தேன். “அது என் காலைக் கடிச்சிருந்தாலும் நீங்க குச்சியத்தான் முதல்ல பாத்திருப்பீங்க” என்றாள். குச்சி சரியாகச் சாய்ந்திருக்கிறதா என்று இன்னொரு முறை பார்த்தேன்.

ஈரம் பட்டதும் கைப்பிடியிலிருந்து ரப்பர் வாசனை கிளம்பியது. பழைய சைக்கிள் டியூபை அறுத்து நீ சுற்றிய கைப்பிடி. பதினைந்து வருஷம் ஆகப் போகிறது, இன்னும் பிரியவில்லை. எதைச் செய்தாலும் கெட்டியாகச் செய்பவன் நீ, எனக்குச் செய்த துரோகம் உட்பட. செத்துப்போனவனைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுத உன் கம்பெனியில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் எழுதட்டும். உன்னோடு எனக்குக் கணக்கு பாக்கி இருக்கிறது, என் பங்கை நான் எழுதுகிறேன்.

ஜி.எஸ்.டி ரோட்டில் ஸ்கூட்டருக்கு பிரேக் பாகம் செய்யும் அந்தக் கம்பெனியில் நாம் இருவரும் ஒரே நாளில்தான் டெம்பரரியாகச் சேர்ந்தோம். நீ பெயின்ட் ஷாப், நான் பேக்கிங். பர்மனென்ட் ஆட்களுக்குக் காக்கிச் சட்டை, நமக்குச் சொந்தச் சட்டை. சில மாதத்துக்கு ஒரு முறை பிரேக் என்று வீட்டுக்கு அனுப்பி, மறுபடி புதிதாகச் சேர்ப்பதுபோல் சேர்ப்பார்கள். பிரேக் செய்யும் கம்பெனி வேறென்ன கொடுக்கும் என்று நீ சொல்வாய். நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். உன் நகைச்சுவைக்கெல்லாம் சிரித்துத் தொலைத்த அந்த வயதை நினைத்தால் எரிச்சலாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் நாம் டெம்பரரி இல்லை. பெருங்களத்தூர்ப் பக்கம் வற்றிக் கிடந்த ஏரியில், சுற்று வட்டாரக் கம்பெனிகள் எல்லாம் சேர்ந்து நடத்திய டென்னிஸ் பால் லீக். சர்ச் முடிந்த பிறகுதான் டாஸ் போடுவார்கள். பாதிப் பேர் அங்கிருந்துதான் வர வேண்டும், ஆள் எடுக்கும் நம் பர்சனல் ஆபீசர் சாமுவேல் சார் உட்பட. சீமைக்கருவேல முள்ளுக்குள் பந்து போனால் ரெண்டு ரன். ஏரிக்கரை ஓரத்து ஆஸ்பெஸ்டாஸ் கூரைமேல் விழுந்தால் அவுட். அது ஒரு டீச்சரம்மாவின் வீடு. அடித்தவனே போய் மன்னிப்புக் கேட்டுப் பந்தை வாங்கி வர வேண்டும். நீ அந்தக் கூரைமேல் அடித்து அவுட் ஆனபோதெல்லாம், ஐயோ பாவம், ஷாட் தப்பிவிட்டது என்று உனக்காக வருத்தப்பட்டவன் நான். டீச்சரம்மாவின் மகளோடு உனக்குக் கல்யாணம் நிச்சயமான பிறகுதான் எனக்கு உறைத்தது. அப்போதே உன்னைப் புரிந்துகொண்டிருக்க வேண்டும். அவுட் ஆவதாக இருந்தாலும் ஆதாயம் இல்லாமல் ஆகமாட்டாய் நீ.

நம் டீமில் உருப்படியான பேட் ஒன்றே ஒன்று. பந்தை ஆடுபவன் கையில் பேட், எதிர் முனையில் நிற்பவன் கையில் சவுக்குக் குச்சி. ஒரு ரன் ஓடினால் பாதி வழியில் கைமாற்ற வேண்டும். அவன் பேட்டைக் கொடுப்பான், இவன் குச்சியைக் கொடுப்பான். ஓவரின் கடைசிப் பந்துக்கு மட்டும் மாற்ற வேண்டியதில்லை, ஏனென்றால் பந்தை ஆடியவனே எதிர் முனை சேர்ந்து அடுத்த ஓவரையும் ஆடுவான். மற்ற ஜோடிகள் நடுவில் முட்டிக்கொண்டு விழுவார்கள். நாம் இருவரும் ஓட்டத்தைக் குறைக்காமலே மாற்றுவோம். உன் கை நீண்டால் என் கை கொடுக்கும், யோசிக்காது. அதைப் பார்க்கவே எதிர் டீமான பைப் கம்பெனிக்காரர்கள்கூட எழுந்து நிற்பார்கள்.

அந்த வருஷம் ஃபைனல் அதே பைப் கம்பெனியோடு. முதல் நாள் சாயங்காலம் சாமுவேல் சார் நம் இருவரையும் ரூமுக்குக் கூப்பிட்டார். மேலிடத்தில் பேசி ஒரு இடம் வாங்கி வைத்திருப்பதாகவும், நாளைக்கு நம்மில் எவன் ஜெயித்துக் கொடுக்கிறானோ அவனைப் பர்மனென்டுக்கு எழுதப் போவதாகவும் சொன்னார். வெளியே வந்ததும் நீ என் தோளில் கை போட்டு, “யாருக்குக் கெடச்சா இன்னா மச்சான், ரெண்டு பேரும் ஒண்ணுதான்” என்றாய். நான் நம்பினேன். ஊரப்பாக்கத்தில் ஒற்றை அறை வாடகை வீட்டில், மறுநாள் காலையிலேயே கேசரிக்கு ரவை வறுத்து வைத்தாள் என் அம்மா. மகன் பர்மனென்ட் ஆகப் போகிறான் என்று வீட்டுக்காரம்மாவிடமும் சொல்லியாகிவிட்டது.

கடைசிக்கு முந்தின ஓவர். ஜெயிக்க ரெண்டு ரன். நான்தான் ஆடிக்கொண்டிருந்தேன், நன்றாகவே ஆடிக்கொண்டிருந்தேன். நீ எதிர் முனையில் குச்சியோடு. கடைசிப் பந்தை மிட் விக்கெட் பக்கம் தட்டினேன். ஒரு ரன் எடுத்தால் சமம், அடுத்த ஓவரின் முதல் பந்தும் எனக்குத்தான். “வா மச்சான், வா” என்று நீதான் கூப்பிட்டாய். பாதி வழியில் உன் கை நீண்டது. என் கை கொடுத்துவிட்டது. பேட் உன் கைக்குப் போய், குச்சி என் கைக்கு வந்த பிறகு நீ நின்றாய். “வேணாம், போ போ” என்றாய். திரும்பி, பேட்டை நீட்டிக்கொண்டு உன் கோட்டுக்குள் போய்விட்டாய். நான் திரும்புவதற்குள் கீப்பர் ஸ்டம்பைத் தட்டிவிட்டான். அடுத்த ஓவரை ஆட வேண்டியவன் நீ. பேட்டும் உன்னிடம்.

நான் மைதானத்தில் நிற்கவில்லை. குச்சியைக் கையில் பிடித்தபடியே முள்ளைத் தாண்டி ரோட்டுக்கு வந்தேன். பின்னால் கூச்சல் கேட்டது. முதல் பந்திலேயே நீ அடித்துவிட்டாய் என்று திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது. ஸ்டேஷனில் டிக்கெட் எடுக்கும்போதுதான் குச்சி இன்னும் கையில் இருப்பதைப் பார்த்தேன்.

அன்று சாயங்காலமே ஸ்வீட் பாக்ஸோடு எங்கள் வீட்டுக்கு வந்தாயே, உன் துணிச்சலை என்ன சொல்ல. என் அம்மாவுக்கு விஷயம் தெரியாது. நான் வந்ததிலிருந்து வாயைத் திறக்கவில்லை. ஸ்வீட்டைப் பார்த்ததும் எனக்குத்தான் வேலை என்று நினைத்து உனக்குத் தட்டு நிறையக் கேசரி வைத்தாள். நீ சாப்பிட்டாய். இன்னொரு கரண்டியும் வாங்கிக்கொண்டாய். எனக்காகக் கிண்டிய கேசரியை மிச்சம் வைக்காமல் தின்றுவிட்டு நீ தெருவுக்கு வந்த பிறகுதான் கேட்டேன், ஏன் திரும்பினாய் என்று.

“பந்து அவன் கைக்குப் போய்ட்ச்சு மச்சான். பாத்தேன், பயந்துட்டேன்.”

“பயந்தவன் பேட்டை எதுக்குடா வாங்கினே? கடைசிப் பந்துக்கு பேட் எதுக்கு?”

சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். அடுத்த மாதம் உனக்குக் காக்கிச் சட்டை வந்தது, அந்த பேட்டையும் சாமுவேல் சார் உனக்கே பரிசாகக் கொடுத்தார். எனக்கு பிரேக் வந்தது. அதற்குப் பிறகு கூப்பிடவே இல்லை.

நான் மின்சார ரயிலில் பால்பாயின்ட் பேனா விற்றது உனக்குத் தெரியும். தாம்பரத்தில் ஒரு நாள் நீ ஏறினாய், காக்கிச் சட்டை, பாக்கெட்டில் கம்பெனி அட்டை. “மச்சான், இப்டி குந்து” என்று நகர்ந்து இடம் கொடுத்தாய். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நான் அடுத்த ஸ்டேஷனான சானடோரியத்தில் இறங்கிவிட்டேன். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருக்கும். நல்லவனாக நடந்துகொண்டாய் பார், அதற்குத்தான் உன்னை மன்னிக்கவே கூடாது என்று பிளாட்பாரத்தில் நின்று முடிவு செய்தேன்.

பிறகு எனக்கும் வேலை கிடைத்தது. எங்கே தெரியுமா என்று கேட்க வேண்டியதில்லை, உனக்கு நன்றாகவே தெரியும். பைப் கம்பெனியில்தான். சம்பளம் குறைவு, ஷிஃப்டு மோசம். ஆனாலும் தேடிப்போய்ச் சேர்ந்தேன், உனக்கு எதிராக ஆடலாம் என்பதற்காகவே. வேலை செய்து களைத்த உடம்போடு பவுலிங் பழகினேன். உனக்கு எது வராது என்று எனக்குத் தெரியாதா? காலுக்குக் கீழே மெதுவாகப் போடும் பந்து உனக்கு வரவே வராது. வருஷா வருஷம் போட்டேன். நீ அவுட் ஆனாய். ஒவ்வொரு முறையும் “நல்ல பால் மச்சான்” என்று சொல்லிவிட்டுப் போனாய். அந்த நல்ல பாலை உன் தலையில் போட்டிருக்கலாம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நடந்த அந்த ஃபைனலை லீகில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அப்போது எல்லா டீமிலும் ரெண்டு பேட் வந்துவிட்டது. பந்து போட நான் ஓடி வருகிறேன். எதிர் முனையில் நீ, வழக்கம்போல் கோட்டைத் தாண்டி முன்னால் நகர்கிறாய். அப்படி நகர்பவனை ஒரு முறை எச்சரிக்க வேண்டும், அதுதான் மரியாதை என்பது நம் லீகில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். நான் எச்சரிக்கவில்லை. ஓடி வந்த வேகத்தில் நின்று ஸ்டம்பைத் தட்டினேன்.

மைதானமே என்னைத் திட்டியது. பேட்டிங் செய்யும் டீமிலிருந்துதான் அம்பயர் நிற்பான் என்பதால் அன்று நின்றது உன் ஆள். அவன் கையைத் தூக்க மாட்டேன் என்று கட்டிக்கொண்டு நின்றான். என் கேப்டனே என்னிடம் வந்து, வாபஸ் வாங்கிக்கொள், அசிங்கமாக இருக்கிறது என்றார். நான் அசையவில்லை. கடைசியில் நீதான், “அவுட்டுதான்பா, நான் வெளியதான் இருந்தேன்” என்று சொல்லிவிட்டு நடந்தாய். என்னைத் தாண்டும்போது மெதுவாகக் கேட்டாய்.

“இப்போ சரியா மச்சான்?”

சரியாகவில்லை. நாங்கள் ஜெயித்தோம், கோப்பை வாங்கினோம், என் டீமில் ஒருவன்கூட என்னோடு டீ குடிக்கவில்லை. அன்று ராத்திரி சந்தோஷமாகத்தான் இருந்தேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் மறுநாள் நீ அதே காக்கிச் சட்டையில் வேலைக்குப் போனாய். நான் உன்னிடமிருந்து எடுத்தது ஒரு விக்கெட். நீ என்னிடமிருந்து எடுத்தது அதுவா?

அதனால் காத்திருந்தேன். என்றாவது ஒரு நாள் என் முகத்தைப் பார்த்து, வேண்டுமென்றேதான் திரும்பினேன் என்று உன்னைச் சொல்ல வைக்க வேண்டும். நாலு பேருக்கு முன்னால், முடிந்தால் சாமுவேல் சாருக்கு முன்னால். நீ மஞ்சள் காமாலை வந்து நாற்பது வயதுகூட ஆகாமல் போய்ச் சேர்ந்தாய். சாவுக்கு நான் வரவில்லை. செய்தி கேட்டபோது அழுதேன் என்று என் மனைவி சொல்கிறாள். அது கோபத்தில் வந்த அழுகை. ஆட்டம் பாதியில் இருக்கும்போது போகிறவனை என்ன செய்ய முடியும்?

போன மாதம் உன் மனைவி ஆள் விட்டுக் கூப்பிட்டாள். முடிச்சூர் வீட்டுக்கு முதல் முறையாக வந்தேன். கம்பெனி லோனில் கட்டிய வீடு. மொசைக் தரை, கம்பி கேட், ஓடுகிற ஃபேன். ஒவ்வொன்றாகப் பார்த்து, இது என்னுடையது, இது என்னுடையது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். வெட்கமெல்லாம் இல்லை. உன் மனைவி காபி கொடுத்துவிட்டு உள்ளே போய் அந்த பேட்டை எடுத்து வந்தாள். எண்ணெய் போட்டுத் துடைத்து, பழைய தலையணை உறையில் போட்டு வைத்திருந்தாய்.

“இத உங்ககிட்ட குடுக்கச் சொன்னாருண்ணா. ஆஸ்பத்திரில இருந்தப்போ திரும்பத் திரும்பச் சொன்னாரு, நான் இத வாங்கியிருக்கக் கூடாதுன்னு. யார்கிட்ட வாங்கினாருன்னு கேட்டா சொல்லல. அவனுக்குத் தெரியும்னாரு.”

அவள் நீட்டிக்கொண்டு நின்றாள். நாம் ஓடிக்கொண்டே மாற்றுவோமே, அந்தப் பழக்கத்தில் என் கை பாதிவரை போய்விட்டது. பிறகு இழுத்துக்கொண்டேன். வேண்டாம்மா, வீட்டிலேயே இருக்கட்டும் என்றேன். காரணம் கேட்டாள். அவனுக்குத் தெரியும் என்றேன்.

எவ்வளவு சாமர்த்தியம் உனக்கு! உயிரோடு இருந்தவரை வாயைத் திறக்காமல், செத்த பிறகு பெண்டாட்டி கையில் கொடுத்தனுப்பினால் கணக்கு தீர்ந்துவிடும் என்று நினைத்தாயா? நான் பேட்டை வாங்கிக்கொண்டால் நீ நிம்மதியாகக் கோட்டுக்குள் போய் நின்றுகொள்வாய். அதற்கு விடமாட்டேன். பேட்டை வாங்காமல் வந்ததுதான் நான் எடுத்த விக்கெட். பேட் உன் வீட்டில் இருக்கட்டும், உன் குச்சி என் வீட்டில் இருக்கும். பெருச்சாளி அடிக்கக்கூடத் தரமாட்டேன்.

நடு வழியில் பேட்டை நீட்டிக்கொண்டு “வா மச்சான், வா” என்று நீ நிற்பது எனக்குத் தெரிகிறது. நில். ஒரு முறை நீ கூப்பிட்டு நான் ஓடி வந்தது போதும். நான் வரும்போது வருவேன், அதுவரை என் குச்சி கோட்டுக்கு உள்ளேதான் இருக்கும்.