லைனிங் வைத்துத் தைத்த மயில்

7.6.2005 செவ்வாய்

கச்சான் காற்று, மேற்கிலிருந்து அனலாக அடிக்கிறது. தகரக் கூரை காலையிலேயே கொதி. நூல் பெட்டி முழுக்க மணல்.

தையல் வகுப்புக்குப் பதினொரு பேர். அடுத்த புதன், வகுப்பை நடத்துவிக்கிற கொழும்பு மிஸ் வாறா. கண்காட்சிக்கு ஆறு துணி தெரிவு செய்து வைக்க வேண்டுமாம். தெரிவு செய்வது, வகுப்பு எடுக்கிற நான். முன்பக்கம் எப்படியும் வந்துவிடும், பின்பக்கத்தைத்தான் மிஸ் பார்ப்பா. முடிச்சுக் கூடாது. நூல் நுனி தையலுக்குள் மறைய வேண்டும். ஒரு பூவிலிருந்து அடுத்த பூவுக்கு நூலைத் தாவி இழுக்கக் கூடாது.

நேசம் தன் முதல் துணியைக் கொண்டுவந்தாள். சுனாமியில் மகளைக் கடல் கொண்டுபோன நாளிலிருந்து, இந்த முகாமில் யாரோடும் பேச்சில்லாதவள். குறுக்குத் தையலில் ஒரு கோழி, மூன்று குஞ்சு. நல்ல வடிவு. திருப்பினேன். குஞ்சுக்குக் குஞ்சு மஞ்சள் நூல் நீட்டுக்கு ஓடுகிறது. எல்லோருக்கும் தெரியத் தூக்கிப் பிடித்தேன்.

"இஞ்ச பாருங்ககா, இது தையலா, கிழிஞ்ச வலையா?"

சிரித்தார்கள். நானும். நேசம் துணியை வாங்கி மடித்துக்கொண்டு போனாள்.

முட்டை வாங்க மறதி.

8.6 புதன்

நேசம் வரவில்லை. அவளுக்குப் பக்கத்துக் கொட்டிலில் இருக்கிற சோதியிடம் கேட்டேன்.

"அவக்குக் கை நடுங்கும்கா. ஒருக்கா ஊசி கோக்க எவ்வளவு நேரம் தெரியுமா? அதான் நூலை வெட்டாம இழுத்திரிக்கா."

எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால்தானே தெரியும். வெட்கமாக இருக்கிறது.

10.6 வெள்ளி

காத்தான்குடிக்குப் போனேன். வெள்ளை நூல் 4, ஊசி ஒரு பக்கற், மாவரிக்க அரிதட்டு. செக்பொயின்ற்றில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். வெயில்.

நூல் கடைக்கார நானா பகிடியாக, "லைனிங் துணி இன்னும் வேணுமா தங்கச்சி? போன முறை உள்ளுக்கு என்னத்த மறைச்சயள்?"

சிரித்துச் சமாளித்தேன். மனுசன் சும்மாதான் கேட்டார். இங்கே யாரும் பார்க்கப் போவதில்லை, எழுதிவிடுகிறேன். வகுப்பு மண்டபச் சுவரில் தொங்குகிற, நான் தைத்த மயில் துணிக்குப் பின்னால் லைனிங் துணி வைத்து மூடியிருக்கிறேன். உள்ளே எத்தனை முடிச்சென்று எனக்கே கணக்கில்லை. தோகை முழுக்கத் தாவிய நூல். என் கை நடுங்கவும் இல்லை. பஞ்சிதான், வெறும் சோம்பல். லைனிங்கைப் பார்த்து, "பின்பக்கமும் எவ்வளவு நீற், எவ்வளவு சுத்தம்!" என்று சொல்லித்தான் மிஸ் என்னை இந்த வேலைக்கு வைத்தா. நானும் வாய் திறக்கவில்லை.

வரும்போது நேசத்தின் கொட்டில் வரை போனேன். உள்ளே வெளிச்சத்துக்கு நேராகத் துணியைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தாள். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். கேட்காமலே திரும்பிவிட்டேன்.

13.6 திங்கள்

நேசம் வந்தாள். துணியை விரித்தாள். கோழி இல்லை. குஞ்சுகள் இல்லை. வெறும் வெள்ளைத் துணி, முழுக்க ஊசி ஓட்டை. அங்கங்கே மஞ்சள் பஞ்சு ஒட்டியிருந்தது.

"எல்லாம் பிரிச்சிட்டன் அக்கா. ஆறு நாள் ஆச்சு. இனி நீங்க சொல்றபடிதான். உங்கட மயில்ட பின்பக்கத்த ஒருக்காக் காட்டுங்க. பாத்துத் தைக்கிறன்."

கேலியே இல்லை. உண்மையாகத்தான் கேட்கிறாள்.

"மறுகா காட்டுறன்," என்று தள்ளிப்போட்டேன்.

அவளுடைய விரல் நுனியெல்லாம் ஊசி குத்திய புள்ளி. ச்சீ, நானும் ஒரு மனுசி.

14.6 செவ்வாய்

காற்று இல்லை. புழுக்கம்.

நாளைக்கு மிஸ். ஐந்து துணி தேறியிருக்கிறது.

நேசம் எல்லோருக்கும் முந்தி வந்து மயிலுக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். மற்றவர்கள் வரும்வரை இருந்தேன். மயில் துணியைச் சுவரிலிருந்து கழற்றி மேசையில் குப்புறப் போட்டேன். கத்தரிக்கோலால் லைனிங் ஓரத்தை வெட்டத் தொடங்கினேன். சோதி, "என்னகா செய்றயள், விசர் புடிச்சிட்டா?" என்றாள். பாதிக்கு மேல் வெட்ட முடியவில்லை, கிழித்தேன்.

ஒருத்தியும் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

நேசம் கிட்ட வந்தாள். ஒரு முடிச்சைத் தொட்டாள். பிறகு இன்னொன்றை. தோகையில் நூல் தாவுகிற இடமெல்லாம் விரலை வைத்துக்கொண்டே போனாள். கோபப்படுவாள் என்று நின்றேன். என் முகத்தைப் பார்த்து, சின்னப்பிள்ளை மாதிரி, விளங்காமல் கேட்டாள்.

"அப்ப என்ட கோழிய நான் என்னத்துக்கு அக்கா பிரிச்சன்?"